வால்வுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவளுக்கு இருக்கும் மரியாதை தண்ணீர் வரும்வரைதான். குழாயில் முதல் சொட்டு விழுந்ததும் என்னை மறந்துவிடுவார்கள். அரை மணி நேரம் தாமதமானால் என் பிறந்த வீட்டையும் சேர்த்து இழுத்துப் பேசுவார்கள். பதினொரு வருடமாக நான் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கம்பெனிக் கார் ஓட்டும் வேலை கிடைத்ததும் மோட்டார் ரூம் சாவியையும் வால்வு திருகும் கம்பியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வாய் ஜாஸ்தி, அதனால் இந்த வேலைக்கு நான்தான் சரி என்று தலைவர் சொன்னாராம். பாராட்டா திட்டா என்று நான் விசாரிக்கவில்லை.

ஊர் திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. சாயங்காலம் கடல் காற்று வீட்டுக்குள் வரும். கடல் தண்ணீரோ யாரையும் கேட்காமல் நிலத்தடியில் வந்துவிட்டது. ஊருக்குள் போட்ட மூன்று போர்களும் ஒன்றன்பின் ஒன்றாக உப்பாகிப் போயின. இப்போது ஏரி உள்வாயில் இருக்கும் ஒரே ஒரு போர்தான் ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர். அதிலிருந்து காலையில் ஒரு முறை, உச்சி வேளையில் ஒரு முறை டேங்க்கை நிரப்புவேன். நிரம்பியதும் கீழே வந்து ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறப்பேன். கடைசித் தெருவுக்குப் போவதற்குள் பாதி நாள் தண்ணீர் தீர்ந்துவிடும். என் வீடு அந்தக் கடைசித் தெருவில்தான் இருக்கிறது. ஆபரேட்டர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை என்று சிரிப்பவர்கள் உண்டு.

அந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கியபோது ஒன்று நடந்தது. டேங்க் தானாகக் குறைந்தது. எல்லா வால்வையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ஏணியில் ஏறிப் பார்த்தால், உள்சுவரில் ஈரக்கோடு ஒரு முழம் கீழே இறங்கியிருக்கும். தொட்டியில் விரிசல் இல்லை. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. யாரோ ஒருவர் சத்தம் போடாமல் குடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இதை வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. மறுநாளே டேங்க்கில் எதுவோ இருக்கிறது என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கடைசித் தெருப் பெண்கள் மட்டும் அதை நம்பவில்லை. பேயும் இல்லை பிசாசும் இல்லை, மேல் தெருக்காரர்களுக்கு நான்தான் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறேன் என்றார்கள். என் வீட்டுக் குடமும் காலியாகத்தான் இருக்கிறது என்று எத்தனை முறை காட்டினாலும் யார் கேட்டார்கள்?

தரைக்கடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க எங்களிடம் பெரிய கருவியெல்லாம் கிடையாது. வால்வுக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். கீழே ஓட்டம் இருந்தால் சட்டியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். டேங்க்கைச் சுற்றி அடிக்கு அடி வைத்துக் கேட்டேன். கிழக்கு மூலையில், முள்செடிக்குப் பின்னால், லைன் எதுவும் இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தோண்டினால் ஒரு பலகைக் கல். அதற்குக் கீழே செங்கல் கட்டிய ஒரு வால்வுக் குழி. நாலைந்து தேரைகள், இடுப்பளவு குளிர்ச்சி, நடுவில் துருப்பிடித்த ஒரு வீல். அது முழுசாகத் திறந்திருந்தது.

அது உப்பளக் குடியிருப்புக்குப் போகும் பழைய இரும்பு லைன். ஊரிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குள், உப்பளத்தில் வேலை செய்தவர்கள் இருபது குடும்பங்கள் அங்கே இருந்தார்கள். உப்பளம் நின்றது. நிலம் மனைகளாயிற்று. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என்று பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டன. குடியிருப்பு காலியாகி ஆறு வருடம் இருக்கும். லைனை மட்டும் யாரும் மூடவில்லை. மனை போட வந்த ஜேசிபி வழியில் எங்கேயோ குழாயை இடித்திருக்க வேண்டும். எங்கள் தண்ணீர் மனைக்கல் நடுவே பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது. தலைவருக்குப் போன் போட்டேன்.

"அங்க யாரு கீறா இப்போ? காலி மனைக்குத் தண்ணி வுட்டுகினு கீறோம். மூடும்மா" என்றார்.

திங்கட்கிழமை மதியம் மூடினேன். வீல் சுலபத்தில் திரும்பவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி கொடுத்து, உள்ளங்கைத் தோல் உரிய இறுக்கினேன். அன்றைக்குச் சாயங்காலம் டேங்க் ஒரு விரல்கூட இறங்கவில்லை. மறுநாள் என் தெருவின் கடைசி வீட்டிலும் கொட்டு கொட்டென்று கொட்டியது. என்னைத் திட்டிய பெண்கள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் ரொம்பவே அலட்டிக்கொண்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

புதன்கிழமை உச்சி வேளையில் அந்தச் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஆள் நடமாட்டமே இருக்காது. வெயிலுக்கு நாய்கூட வெளியே வராது. டேங்க்கின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மோட்டாரை நிறுத்தியதும் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி வரும். அந்த அமைதியில் வால்வுக் குழியிலிருந்து வந்தது. டங், டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டங், டங்.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதனால்தான் பயந்தேன். முன்பு ஊர் லைன் எல்லாம் இரும்பாக இருந்தபோது, கோடி வீட்டில் தண்ணீர் வராவிட்டால் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் குழாய்க்காலில் கல்லை எடுத்துத் தட்டுவார்கள். இரண்டு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு. தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். சத்தம் குழாயோடு வந்து டேங்க் அடியில் கேட்கும். ஆபரேட்டர் வால்வை இன்னும் இரண்டு சுற்று திறப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் நானே தட்டியிருக்கிறேன். பிறகு எல்லாத் தெருவிலும் பிளாஸ்டிக் குழாய் புதைத்துவிட்டார்கள். அதில் தட்டினால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. இப்போது யாரும் தட்டுவதில்லை, வாட்ஸப்பில் அழுகிற பொம்மை அனுப்புகிறார்கள். இரும்பு லைன் என்று மிச்சம் இருப்பது ஆளில்லாத குடியிருப்புக்குப் போகும் அது ஒன்றுதான்.

குழிக்குள் இறங்கி வீல்மேல் கையை வைத்தேன். அடுத்த தட்டு உள்ளங்கையில் வந்து இறங்கியது. மேலே ஏறி வந்தபோது எனக்குச் செருப்பு நினைவே இல்லை. கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். "வெயில்ல சுத்தினு கீற, அதான் காதுல இன்னான்னாவோ கேக்குது" என்று சிரித்தார். மறுநாள் லீவு போட்டு என்கூட வந்தார். பன்னிரண்டு மணிக்கு மோட்டாரை நிறுத்தினேன். டங், டங். அவர் சிரிக்கவில்லை. திருப்பி ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பதில் சொன்னால் கூடவே வந்துவிடும் என்றார். இருபத்தோராம் நூற்றாண்டில் கூகுள் மேப் பார்த்துக் கார் ஓட்டுகிற மனிதர்.

சனிக்கிழமைக்குள் பாதி ஊர் வந்து கேட்டுவிட்டுப் போயிற்று. உச்சி வேளைக்குச் சரியாக வந்து, குழியைச் சுற்றி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். சத்தம் வந்ததும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். குடியிருப்பில் யாராவது இருக்கிறார்களா, போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை ஊரில் யாரும் வெளியே பேச மாட்டார்கள்.

நான் வாழவந்த வருடம் ஏரி வறண்டுபோனது. ஊருக்கே தண்ணீர் பற்றவில்லை என்று கூட்டம் போட்டு, குடியிருப்பு லைனை மூடி வைத்தார்கள். அங்கிருந்தவர்கள் நாள் முழுக்கத் தட்டினார்கள். எங்கள் தெருவரை கேட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். குடியிருப்பில் இருந்தவர்கள் உப்பளத்து ஓரக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். வாந்தியும் பேதியுமாக நான்கு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் அந்த வால்வை முழுசாகத் திறந்து, மேலே பலகைக் கல்லைப் போட்டு மூடினார்கள். அதை யாரும் தொடாததற்குக் காரணம் மறதி இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. தெரியாமல் அதை மூடிவிட்டவள் நான்.

தாகத்தோடு போன உயிர்கள் கேட்கின்றன, தாகம் தீர்த்து அனுப்ப வேண்டும் என்றார் அம்மன் கோயில் பூசாரி. செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் வால்வுக் குழிக்குப் பக்கத்தில் படையல் வைத்தோம். பானகம், நீர்மோர், இளநீர், தலைவாழை இலையில் சாதம். ஊர் மொத்தமும் நின்றது. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து குழிக்குள் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. எல்லோரும் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். அந்த வீலின் மேலேயே என் குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் வீலில் வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தபோதே கீழே தட்டியது. டங். நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்கு ஆவேசம் வந்தது.

எண்பது குடம் இருக்கும். வால்வின் தலைமேல் எண்பது குடம் ஊற்றினோம். அதைத் திருகிவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். எனக்குத் தோன்றியது. கம்பி கையில்தான் இருந்தது. திறந்தால் டேங்க் மறுபடி இறங்கும், என் தெருவுக்குத் தண்ணீர் வராது, மோர் கொடுத்த வாயெல்லாம் திரும்பவும் திட்டும். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் குடத்தைக் கவிழ்த்தேன்.

புதன்கிழமை ஒரே ஒரு தட்டு, இருக்கிறதா இல்லையா என்பதுபோல. வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. படையலை ஏற்றுக்கொண்டார்கள் என்று பூசாரி தலை நிமிர்ந்து நடந்தார். எனக்கு மட்டும் அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. செத்தவர்களுக்குப் பன்னிரண்டு மணி எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. டேங்க்கை நிரப்பிவிட்டு நான் வால்வுப் பக்கம் வருகிற நேரம் அது. அது தெரிந்தவர்தான் அந்த நேரத்தில் தட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மோட்டாரைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தார் ரோடு மனைப்பிரிவோடு முடிந்துவிடுகிறது. வெள்ளையடித்த மனைக்கற்கள் கண்ணுக்கெட்டியவரை வரிசையாக நிற்கின்றன. ஆள் இல்லாத தெருக்களுக்கு நம்பர் எழுதிய பலகைகள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோரைப்புல் இடுப்புயரம் வளர்ந்து, வாடத் தொடங்கியிருந்தது. குழாய் உடைந்த இடம் அதுதான். அதைத் தாண்டி இரண்டு சுவர்கள், ஒரு வேப்பமரம், கூரை போன வீடுகள். காற்றுகூட இல்லை.

குழாய்க்கால் வேப்பமரத்தடியில் நின்றது. திருகும் தலை இல்லை. துணி சுற்றிய குச்சி அடைப்பாகச் செருகப்பட்டிருந்தது. குழாய் முழுக்கத் துரு. இடுப்பளவு உயரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, துருவெல்லாம் உதிர்ந்து பளபளவென்று மின்னியது. கீழே ஒரு கருங்கல் கிடந்தது. அதன் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் குடங்கள் வாய் மேலே பார்க்க வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பேய்கள் குடம் வைத்துக் காத்திருக்குமா?

 பழைய சத்துணவுக் கூடம் ஒன்று மட்டும் கூரையோடு இருந்தது. வாசலில் ஒரு கொடி, அதில் காயம் கட்டுகிற துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. துவைத்த துணியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பாய், ஓர் அரிசிப் பானை, சர்க்கரை மாத்திரை அட்டைகள், அடிவரை காலியான ஒரு நீல டிரம். யாருங்க என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்த ஆள் ஒருவர் அங்கே தனியாக இருந்தாராம். கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில் ஒத்துப்போகாமல் போன தையில் திரும்பி வந்துவிட்டாராம். காலில் ஆறாத சர்க்கரைப் புண், நடக்க முடியாது. மகன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து அரிசி கொடுத்துவிட்டுப் போவானாம்.

"முந்தாநேத்து அவுரு புள்ள வந்து ஆட்டோல செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டான். காலு யான காலாட்டம் வீங்கிகினு கீது. தண்ணி வர்ல தண்ணி வர்லன்னே பொலம்பிகினு இருந்தாரு" என்றாள்.

நான் திரும்பி வந்து நேராகக் குழியில் இறங்கி வால்வைத் திறந்தேன். இனி யாருக்காகத் திறக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் தெருவில் திட்டத் தொடங்கினார்கள். திட்டட்டும் என்று இருந்தேன். தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.  இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். ஊர் இன்றுவரை படையல்தான் சத்தத்தை நிறுத்தியது என்று நம்புகிறது. இல்லை, நம்புகிற மாதிரி நடந்துகொள்கிறது.

திங்கட்கிழமை திருப்போரூரில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவைச் சிகிச்சை வார்டில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உப்பும் வெயிலும் பட்டுக் கறுத்த உடம்பு. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலில் மகன் உட்கார்ந்திருந்தான். நான் ஊர் டேங்க் ஆபரேட்டர் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரிலிருந்து ஒரு ஆள் பார்க்க வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவராகவே சொன்னார். டிரம்மில் இருந்த தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டாராம். புண்ணைக் குட்டைத் தண்ணீரில் கழுவினாராம். உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லதுதானே என்று நினைத்தாராம். அந்தக் குட்டை எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு ஆபரேட்டர் வால்வுகிட்ட வந்து நிற்பார் என்று கணக்குப் பண்ணி, தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டே குழாய்க்காலுக்கு நகர்ந்து போய்த் தட்டினாராம். கடைசி நாள் நிற்க முடியாமல் விழுந்துவிட்டாராம்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "நா தட்னது அங்க வந்துச்சா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் தைரியம் செத்துவிட்டது.

"வரலைங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தார். பாரம் இறங்கிய முகம். மகன் பக்கம் திரும்பினார்.

"நா சொன்னன் இல்ல? காதுல வுழுந்திருந்தா தொறந்து வுட்டிருப்பாங்கடா. நம்ம ஊரு ஜனங்கடா. இவன் நம்ப மாட்டேன்றாம்மா, வேணும்னே வுட்டாங்கன்றான். நீயே இவனாண்ட சொல்லு."

நான் மகனைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். எங்களுக்குக் கேட்கவே இல்லை என்றேன். நன்றாகத் தெளிவாகத்தான் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது சொல்வான், கத்துவான், வெளியே போ என்பான் என்று காத்திருந்தேன். அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

மகன் எழுந்து, பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெயிலில் வந்திருப்பீங்க என்று என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன்.